பாலம் தாங்குமா?

திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் டேங்க் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். பொதுப்பணித்துறைக் கோப்பில் எழுதியிருந்தால் அது கண்மாய். மொட்டை மாடியில் கறுப்பாக நின்றால் அது தண்ணீர்த் தொட்டி. மூன்றாவது டேங்க் ஒன்றும் இருக்கிறது. அதைக் குடியரசு தினத்தன்று டி.வி.யில் மட்டும் பார்க்கிறோம். ஆனால் அந்தப் பெயர் பிறந்தது நம் கண்மாய்க்குப் பக்கத்து வீட்டில்தான்.

1915-ல் பிரிட்டனின் லிங்கன் நகரத் தொழிற்சாலை ஒன்றில், பள்ளத்தையும் முள்கம்பியையும் தாண்டிப் போகும் இரும்பு வண்டி ஒன்றை ரகசியமாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். விஷயம் வெளியே கசியக் கூடாது. போர்முனைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் தொட்டி செய்கிறோம் என்று ஊரை நம்பவைத்தார்கள். தொட்டிக்கான டேங்க் என்ற பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. நீர்நிலையைக் குறிக்கும் அந்தச் சொல், குஜராத்தி, மராத்தி வழக்கிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்றும், போர்த்துக்கீசிய மொழிச் சொல் ஒன்றும் அதோடு கலந்தது என்றும் அகராதிகள் சொல்கின்றன. நம் நாட்டுக் குளத்தின் பெயரைத்தான் உலகம் முழுவதும் ஒரு போர் வண்டிக்கு வைத்திருக்கிறார்கள். தமிழ்ப் பத்திரிகைகள் அதை டாங்கி என்று எழுதுகின்றன. நானும் அப்படியே எழுதுகிறேன்.

எனக்கு இதில் ஆர்வம் வந்தது கப்பலூர் பக்கம் ஒரு டீக்கடையில். நான்குவழிச் சாலையோரம் ராணுவ லாரிகள் நான்கைந்து நின்றிருந்தன. அக்கா மகன் கூட இருந்தான், ஒன்பதாம் வகுப்பு. லாரியின் முன்பக்கத்தில் மஞ்சள் வட்டம், அதற்குள் கறுப்பில் ஓர் எண். "மாமா, அது என்ன நம்பர்? வண்டி நம்பர் கீழேதானே இருக்கு?" என்றான். எனக்குத் தெரியவில்லை. டீ குடித்துக்கொண்டிருந்த சிப்பாய் ஒருவர் திரும்பிப் பார்த்தார். பேரையூர்ப் பக்கத்துக்காரர் என்று பிறகு தெரிந்தது. "தம்பி, அது பாலத்துக்கான நம்பர். பாலத்துக்கும் ஒரு நம்பர் எழுதியிருக்கும். வண்டி நம்பர் பாலத்து நம்பரை விடக் கூடுதலா இருந்தா ஏறக் கூடாது" என்றார். பையன் விடவில்லை. "அண்ணே, டேங்க்குக்கும் இந்த நம்பர் உண்டா?" அவர் சிரித்தார். "டேங்க்குக்குத்தான் முக்கியமா உண்டு."

அதை அன்று ஒரு தகவலாகத்தான் கேட்டுக்கொண்டேன். பிறகு படிக்கப் படிக்கத்தான் புரிந்தது, டாங்கிகளை வகை பிரிக்கும் கதை முழுவதும் அந்த மஞ்சள் வட்டத்துக்குள் அடங்கியிருக்கிறது என்று.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். சங்கிலிப் பட்டையில் ஓடி, மேலே குழல் நீட்டிக்கொண்டிருக்கும் எல்லா வண்டியும் டாங்கி இல்லை. குஜராத்தின் ஹஜீராவில் தயாராகும் கே-9 வஜ்ரா, எடை 47 டன், 155 மில்லிமீட்டர் குழல், பார்வைக்கு டாங்கியேதான். ஆனால் அது தானே நகரும் பீரங்கி. பல கிலோமீட்டர் பின்னால் நின்று, கண்ணுக்குத் தெரியாத இலக்கின் மேல் குண்டை வளைத்து எறியும் வேலை அதற்கு. மேடக்கில் செய்யப்படும் சரத் 14 டன் எடையுள்ள வண்டி. காலாட்படை வீரர்களைக் கவசத்துக்குள் வைத்து முன்னால் கொண்டுபோய் இறக்குவது அதன் வேலை. டாங்கியின் வேலை வேறு. எதிரியை நேருக்கு நேர் கண்ணால் பார்த்து, அவன் சுடும்போதே முன்னேறி, நேர்க்கோட்டில் சுட வேண்டும். உழவு மாடு, வண்டி மாடு, வாடிவாசல் காளை மூன்றையும் நாம் தராசில் நிறுத்திப் பிரிப்பதில்லை. என்ன வேலைக்கு வளர்த்தது என்றுதான் பிரிக்கிறோம். அப்படித்தான் இதுவும்.

டாங்கிகளின் முதல் பிரிவே வேலையை வைத்து வந்ததுதான். 1916 செப்டம்பர் 15-ல் பிரான்சின் சோம் போர்முனையில் முதன்முதலாக டாங்கிகள் இறங்கின. மார்க்-1 என்று பெயர், ஏறக்குறைய 28 டன், மனிதன் வேகமாக நடக்கும் வேகம். அதில் ஆண், பெண் என்று இரண்டு வகை வைத்திருந்தார்கள். சிறிய பீரங்கிகள் பூட்டியது ஆண். இயந்திரத் துப்பாக்கிகள் மட்டும் பூட்டியது பெண். எதிரியின் துப்பாக்கி மேடைகளை உடைப்பது ஒன்றின் வேலை. ஓடிவரும் காலாட்களிடமிருந்து அதைக் காப்பது மற்றதன் வேலை. எடை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

எடை எங்கே நுழைந்தது? இரும்பில் நுழைந்தது. ஒரு சதுர மீட்டர் பரப்பும் ஒரு சென்டிமீட்டர் கனமும் உள்ள எஃகுத் தகடு 78 கிலோ. நம் வீட்டு நிலைக்கதவு ஏறக்குறைய 2 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே அளவில் 10 சென்டிமீட்டர் கனத்துக்கு எஃகுக் கதவு செய்தால் ஒன்றரை டன்னைத் தாண்டும். ஒரு கதவுக்கே இந்தக் கணக்கு. நான்கு பேர் உட்கார்ந்து, குண்டுகளை அடுக்கி, இன்ஜினும் வைக்கிற ஓர் அறையைச் சுற்றி இப்படிச் சுவர் எழுப்பினால் என்ன ஆகும்? அறையை ஒரு சாண் அகலப்படுத்தினால்கூட டன் கணக்கில் ஏறும். எடை ஏறினால் பெரிய இன்ஜின் வேண்டும். பெரிய இன்ஜினுக்குப் பெரிய அறை வேண்டும். அந்த அறைக்கும் கவசம் வேண்டும். டாங்கி வடிவமைப்பாளர்கள் நூறு ஆண்டுகளாகச் சிக்கித் தவிக்கும் சுழல் இது.

எனவே இரண்டு உலகப் போர்களுக்கு நடுவில் நாடுகள் வேலையையும் எடையையும் சேர்த்துப் பிரித்தன. பிரிட்டன் காலாட்படையோடு மெதுவாக நடக்கும் தடித்த கவச டாங்கி ஒன்றும், பிளந்த இடத்தில் பாய்ந்து ஓடும் வேக டாங்கி ஒன்றும், வேவு பார்க்கும் லேசான டாங்கி ஒன்றும் வைத்துக்கொண்டது. 1940 டிசம்பரில் எகிப்துப் பாலைவனத்தில் நிபைவா முகாமைத் தாக்கியபோது, நம் நான்காவது இந்திய டிவிஷனோடு போனவை மட்டில்டா என்ற காலாட்படை டாங்கிகள். வேகம் மணிக்கு இருபத்து நான்கு கிலோமீட்டர்தான். ஆனால் இத்தாலியர்களின் பீரங்கி அந்தக் கவசத்தைத் துளைக்கவில்லை.

மற்ற நாடுகள் லேசு, நடுத்தரம், கனம் என்று மூன்றாகப் பிரித்தன. படிக்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டாம் உலகப் போரின் கடைசி ஆண்டுகளில் அந்தக் கோடுகள் எப்படிக் கலைந்தன என்று பாருங்கள். ஜெர்மனியின் பாந்தர் 45 டன்; அவர்கள் அதை நடுத்தர டாங்கி என்றார்கள். ரஷ்யாவின் ஐஎஸ்-2 டாங்கி 46 டன். அவர்கள் அதைக் கன டாங்கி என்றார்கள். அமெரிக்காவின் பெர்ஷிங் 1944-ல் கன டாங்கி. 1946-ல் அதே டாங்கியை நடுத்தரம் என்று மாற்றி எழுதினார்கள். தராசு முள் அசையவில்லை, பெயர்தான் அசைந்தது. ஒவ்வொரு நாட்டுக்கும் கனம் என்பது தன்னிடம் உள்ள மற்ற டாங்கிகளோடு ஒப்பிட்டுச் சொன்ன சொல்தான். உலகத்துக்குப் பொதுவான படிக்கல் எதுவும் கிடையாது. பட்டியலைப் பார்த்து மனப்பாடம் செய்யும் பிள்ளைகளுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன்.

கனத்தின் எல்லை எது என்பதை ஜெர்மனியே காட்டியது. மௌஸ் என்று 188 டன்னில் ஒரு டாங்கி கட்டினார்கள். பாலங்கள் தாங்காது என்று அவர்களுக்கே தெரிந்தது. ஆகவே அது ஆற்றின் அடியில் இறங்கி நடந்து போக வேண்டும், கரையில் நிற்கும் இன்னொரு மௌஸ் கேபிள் வழியாக அதற்கு மின்சாரம் கொடுக்க வேண்டும் என்று திட்டம் போட்டார்கள். மாதிரி வண்டிகளோடு கதை முடிந்தது.

சரி, பாலம் தாங்காதது மண் மட்டும் தாங்குமா? இங்கேதான் நம் ஊர்க் கரிசலுக்கு வர வேண்டும்.

திருமங்கலம் பிரதானக் கால்வாயில் தண்ணீர் வந்த ஆண்டு, நெல் அறுவடை நேரத்தில் ஒரு மழை பிடித்துக்கொண்டால் என்ன ஆகும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டுதான் வரப்பில் நடக்க வேண்டும். டயர் வண்டி உள்ளே இறங்கினால் அச்சு வரைக்கும் புதைந்துவிடும். அப்போது எல்லோரும் தேடுவது பெல்ட் வண்டியை. சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பட்டையில் ஊர்ந்து போகும் அறுவடை இயந்திரம். வாடகை கூடுதல், ஆனாலும் அதற்குத்தான் வரிசை. அதுவும் டன் கணக்கில் எடையுள்ள வண்டிதான். பிறகு ஏன் புதைவதில்லை? எடையை ஒரே இடத்தில் ஊன்றாமல் நீளமான பட்டை முழுவதும் பரப்பிவிடுகிறது. ஈர மண்ணுக்கு மொத்த எடை தெரியாது. தன்மேல் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் எவ்வளவு அழுத்துகிறது என்பது மட்டும்தான் தெரியும்.

பெட்ரோல் பங்கில் கார் டயருக்குக் காற்று அடிக்கும்போது 32 என்று வைக்கச் சொல்கிறோம். கார் தரையை அழுத்துவதும் ஏறக்குறைய அதே அளவில்தான், சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு. லாரி டயரில் நூறுக்கும் மேல். ஆவடியில் பிறந்த அர்ஜுன் டாங்கி 58.5 டன். அது தரையை அழுத்துவது சராசரியாகச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவுக்கும் குறைவு, பங்குக் கணக்கில் சொன்னால் 12, 13 அளவு. அர்ஜுன் நம் வீட்டுக் காரை விட மென்மையாகத் தரையில் நிற்கிறது! நான் இதை முதலில் படித்தபோது நம்பாமல் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இது சராசரி என்பதை மறக்கக் கூடாது. பட்டைக்குள் ஓடும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் நேர் கீழே அழுத்தம் இதைவிடக் கூடும். இருந்தாலும் கணக்கு பொய்யில்லை.

ஆனால் பாலத்திடம் இந்த வித்தை செல்லாது. பட்டை எவ்வளவு அகலமாக இருந்தாலும் 58.5 டன்னும் அந்த ஒரே கண்ணின் மேல்தான் நிற்கிறது. ஈர மண் கேட்பது ஒரு கேள்வி, பாலம் கேட்பது வேறொரு கேள்வி. டாங்கி இரண்டுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

மண் கேட்ட கேள்வியை 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தர் கிராமத்தில் பார்த்தோம். பாகிஸ்தானின் பாட்டன் டாங்கிகள், ஒவ்வொன்றும் 45 டன் அளவு, அன்றைய நிலவரத்துக்குப் புத்தம் புதியவை. நம் பக்கம் இருந்தது கலவை: 50 டன்னுக்குக் குறையாத செஞ்சுரியன், முப்பது சொச்சம் டன்னில் பழைய ஷெர்மன், 15 டன் பிரெஞ்சு ஏஎம்எக்ஸ்-13. கனம், நடுத்தரம், லேசு மூன்றும் ஒரே களத்தில், ஒரே தளபதியின் கீழ். நம் வீரர்கள் செய்தது ஒரு விவசாயிக்குத் தோன்றக்கூடிய காரியம். கால்வாயை உடைத்துக் கரும்புக் காட்டில் தண்ணீர் பாய்ச்சினார்கள். இரவோடு இரவாக வயல் சேறானது. பாட்டன்கள் சேற்றில் திணறின. கரும்புக்குள் மறைந்திருந்த நம் டாங்கிகள் பக்கவாட்டிலிருந்து சுட்டன. ஜீப்பில் பொருத்திய பீரங்கியோடு நின்று டாங்கிகளை அடித்து அங்கேயே உயிரை விட்டவர் அப்துல் ஹமீது. போர் முடிந்தபோது பாகிஸ்தான் இழந்த டாங்கிகள் நூறை ஒட்டி. கைப்பற்றியவற்றை பிக்கிவிண்டில் வரிசையாக நிறுத்தி அந்த இடத்துக்கே பாட்டன் நகர் என்று பெயர் வைத்தார்கள்.

அந்தப் போர் நடந்த காலத்திலேயே எடையை வைத்துப் பிரிப்பது உலகம் முழுவதும் மங்கிக்கொண்டிருந்தது. இன்ஜின்கள் வலுத்தன. 105 மில்லிமீட்டர் குழல் நடுத்தர டாங்கிக்குள்ளேயே அடங்கியது. கன டாங்கி செய்யும் வேலையை நடுத்தர டாங்கியே செய்ய முடியும் என்றால் இரண்டு வண்டி எதற்கு? பிரிட்டனின் கான்கரர், அமெரிக்காவின் எம்-103 போன்ற கன டாங்கிகள் ஓரங்கட்டப்பட்டன. வந்தது முதன்மைப் போர் டாங்கி. இந்தப் பெயரில் எடையே இல்லை என்பதைக் கவனியுங்கள். உடைப்பதும், பாய்வதும், எதிரி டாங்கியை அடிப்பதும் ஒன்றே செய்யும் என்பதுதான் பெயரின் பொருள்.

நம் ஆவடி அந்த மாற்றத்தின் வேளையில்தான் பிறந்தது. 1961-ல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலையில் 1960-களின் நடுவில் விஜயந்தா வெளிவந்தது. பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவன வடிவமைப்பு, 39 டன், 105 மில்லிமீட்டர். ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களின் வெல்டிங்கும் கடைசலும் அந்த எஃகில் இருக்கிறது. காலம் முடிந்தும் அது ஓயவில்லை. அதன் அடிச்சட்டத்தின் மேல் 130 மில்லிமீட்டர் ரஷ்யப் பீரங்கியை ஏற்றிக் கேட்டபுல்ட் செய்தார்கள். மடிப்புப் பாலத்தை ஏற்றி கார்த்திக் செய்தார்கள். பாலத்தைக் கண்டு தயங்கும் டாங்கிகளுக்காகப் பாலத்தையே முதுகில் சுமந்து போன டாங்கி அது. வேலையை வைத்துப் பிரிப்பது என்றால் என்ன என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை: அடிச்சட்டம் ஒன்று, மூன்று வேலை, மூன்று பெயர்.

முதன்மைப் போர் டாங்கி என்று பெயர் ஒன்றானாலும் அதற்குள் இரண்டு குடும்பம் உண்டு. ரஷ்யர்கள் எடையைக் குறைக்க அறையைச் சுருக்கினார்கள். குண்டு போடும் ஆளை நீக்கிவிட்டு இயந்திரத்தை வைத்தார்கள், நால்வர் மூவரானார்கள், உயரமும் குறைந்தது. அஜேயா என்று நாம் அழைக்கும் டி-72 ஏறத்தாழ 41 டன், பீஷ்மா என்கிற டி-90 46 டன் சொச்சம். இரண்டையும் ஆவடியில்தான் கட்டினோம், கட்டுகிறோம். மேற்கத்தியர்கள் நால்வருக்கும் இடம் விட்டுக் கவசத்தைத் தடிமனாக்கினார்கள். இஸ்ரேலின் மெர்காவா 65 டன்.

அர்ஜுன் இந்த இரண்டாவது குடும்பம். 1974-ல் அனுமதி கிடைத்தபோது சுமார் 40 டன் டாங்கியாகத்தான் நினைத்தார்கள். பிறகு குழல் 120 மில்லிமீட்டர் ஆனது, கவசம் வளர்ந்தது, 1400 குதிரைத்திறன் இன்ஜின் வந்தது. 2004-ல் படைக்கு வந்தபோது 58.5 டன். 2021 பிப்ரவரி 14-ல் சென்னையில் பிரதமர் ராணுவத் தலைமைத் தளபதியிடம் ஒப்படைத்த மார்க்-1ஏ 68 டன். அந்த ஆண்டு செப்டம்பரில் 7,523 கோடி ரூபாய்க்கு 118 டாங்கிகளுக்கு ஆணை வந்தது. அர்ஜுனின் குழல் குறி தவறாதது. ஓடும்போதும் அசையாமல் சுடுகிறது. ஆனால் அது பெரும்பாலும் ராஜஸ்தான் பாலைவனத்திலேயே நிற்கிறது. பஞ்சாபில் அடிக்கு ஒரு கால்வாய், கால்வாய்க்கு ஒரு பாலம். அந்தப் பாலங்களின் மஞ்சள் வட்டத்தில் உள்ள எண் அர்ஜுனின் எண்ணை விடச் சிறியது. அர்ஜுன் கனம், அதனால் தோல்வி என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பாலைவனத்துக்கு அது சரியான டாங்கி. எல்லா நிலத்துக்கும் ஒரே டாங்கி போதும் என்ற எண்ணம்தான் தவறு.

அந்த எண்ணம் தவறு என்று நம் படைக்கு 1948-லேயே தெரியும்.

காஷ்மீரையும் லடாக்கையும் இணைக்கும் சோஜிலா கணவாயை எதிரிகள் அடைத்துக்கொண்டார்கள். உயரம் ஏறக்குறைய 3,500 மீட்டர். காலாட்படை இரண்டு முறை முயன்று திரும்பியது. ஜெனரல் திம்மையா டாங்கிகளை மேலே ஏற்றுவது என்று முடிவெடுத்தார். ஏழாவது லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகள், ஒவ்வொன்றும் 15 டன் அளவு. வழியில் இருந்த பாலங்கள் அதைக்கூடத் தாங்காது. ஆகவே மேல்கோபுரத்தைக் கழற்றித் தனியாக லாரியில் ஏற்றினார்கள். எடையும் குறைந்தது, பார்த்தவர்களுக்கு டாங்கி என்றும் தெரியவில்லை. கழுதைப் பாதையாக இருந்ததை டாங்கி ஏறும் பாதையாக வெட்டிக் கொடுத்தவர்கள் மதராஸ் சாப்பர்ஸ், நம் தமிழ் பேசும் வீரர்கள் நிறைந்த பொறியாளர் படை. ஏழாவது கேவல்ரியே 1784-ல் மதராஸ் குதிரைப்படையாகத் தொடங்கப்பட்டதுதான். 1948 நவம்பர் 1, பனி பொழிந்துகொண்டிருக்க, கர்னல் ராஜிந்தர் சிங் முன்னால் போக, டாங்கிகள் கணவாய்க்குள் நுழைந்தன. அந்த உயரத்தில் டாங்கி வரும் என்று எதிரி கனவிலும் நினைக்கவில்லை. கணவாய் திறந்தது, லே தப்பித்தது. 50 டன் செஞ்சுரியன் அன்று நம்மிடம் இருந்திருந்தாலும் பாதி வழியில் ஏதோ ஒரு பாலத்தடியில்தான் நின்றிருக்கும்.

1962 அக்டோபரில் ஆறு ஏஎம்எக்ஸ்-13 டாங்கிகளை ஏஎன்-12 விமானத்தில் ஏற்றி, 4,300 மீட்டர் உயரத்தில் உள்ள சுசூலில் இறக்கினார்கள். விமானமும் ஒரு பாலம்தான்; அதற்கும் ஓர் எண் உண்டு. 15 டன் என்பதால் அது முடிந்தது. 1971-ல் வங்கதேச எல்லையில் கரீப்பூரில் சண்டையிட்டவை 14 டன் பிடி-76 டாங்கிகள், தண்ணீரில் மிதந்து நீந்துபவை. ஆறுகளால் ஆன நாட்டுக்கு அதுதான் பொருத்தம். பிறகு அவை ஓய்வு பெற்றன. லேசான டாங்கிக்குப் படையில் இடமில்லாமல் போனது. ஏவுகணையும் ஹெலிகாப்டரும் அந்த வேலையைச் செய்யும் என்று உலகமே நினைத்த காலம் அது.

2020-ல் கிழக்கு லடாக்கில் சீனப் படைக்கு எதிரே டி-72, டி-90 டாங்கிகளைக் கைலாஷ் மலைத்தொடர் மேல் ஏற்றினோம். ஏறின, அது சாதனைதான். ஆனால் எதிரே அவர்கள் நிறுத்தியது டைப்-15, கவசத்தைக் கூட்டினாலும் 36 டன்னைத் தாண்டாத லேசான டாங்கி. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஐந்தில் மூன்று பங்குதான். டீசல் எரிய ஆக்சிஜன் போதாது, இன்ஜின் திணறும். அங்கே எடையை விட ஒரு டன்னுக்கு எத்தனை குதிரைத்திறன் என்பதே முக்கியம். டி-72-க்கு டன்னுக்கு 19 அளவு. டி-90-க்கு 21, 22. அதோடு பள்ளத்தாக்கில் நின்று மலை முகட்டைச் சுட வேண்டும் என்றால் குழல் நன்றாக மேலே தூக்க வேண்டும். சமவெளிக்குச் செய்த டாங்கிகள் அதற்கு ஏற்றவை அல்ல.

இதற்கு விடையும் ஆவடியிலிருந்தே வந்தது. ஆவடியில் உள்ள போர் வாகன ஆராய்ச்சி நிறுவனமான சிவிஆர்டிஈ, எல் அண்ட் டி நிறுவனத்தோடு சேர்ந்து 25 டன்னில் ஜோராவர் டாங்கியைச் செய்து, 2024 ஜூலையில் ஹஜீராவில் வெளியே காட்டியது. 105 மில்லிமீட்டர் குழல், டன்னுக்கு 30 குதிரைத்திறன் அளவில் இன்ஜின். அந்த ஆண்டின் செப்டம்பரில் பாலைவனத்திலும் டிசம்பரில் 4,200 மீட்டருக்கு மேலும் அதைச் சோதித்தார்கள். மலைகளைத் தாண்டித் திபெத் வரை படை நடத்தி 1841-ல் அங்கேயே இறந்த டோக்ரா தளபதி ஜோராவர் சிங்கின் பெயர். 68 டன்னும் 25 டன்னும் ஒரே ஊரில் வரைந்தவை என்பதில் எனக்குப் பெருமை உண்டு. இவற்றில் எது உசத்தி என்று கேட்பது பொருந்தாத கேள்வி. ஒன்று தார் பாலைவனத்துக்கு, மற்றொன்று பாங்காங் ஏரிக் கரைக்கு.

லேசு என்ற சொல்லை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் அண்மைப் பாடம் உண்டு. காலாட்படைக்குத் துணையாக லேசான வண்டி வேண்டும் என்று தொடங்கிய எம்-10 புக்கர், கடைசியில் 38 டன்னைத் தாண்டியது. அது போய்ச் சேர வேண்டிய ராணுவத் தளத்துக்குள் இருந்த பாலங்களில் பலவே அதைத் தாங்காது என்று செய்தி வந்தது. 2025-ல் அந்தத் திட்டத்தையே கைவிட்டார்கள்.

அக்கா மகன் இப்போது பிளஸ் டூ. டாங்கிப் படங்களை ஒட்டிய நோட்டு ஒன்று வைத்திருக்கிறான். ஒவ்வொரு படத்துக்கும் கீழே எடையும், குழலின் அளவும், எத்தனை பேர் என்பதும். சென்ற மாதம் அதில் ஒரு கட்டம் புதிதாகப் போட்டிருந்தான்: "எங்கே?" அர்ஜுனுக்கு நேராக மணல், ஜோராவருக்கு நேராக மலை, பிடி-76-க்கு நேராக ஆறு.

நான்குவழிச் சாலையில் ராணுவ லாரி எதிரே வந்தால் முன்பக்கத்து மஞ்சள் வட்டத்தைப் பாருங்கள். பக்கத்தில் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள். அதன்பிறகு குண்டாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது, இது எத்தனை டன் தாங்கும் என்று அவர்களே கேட்பார்கள்.